நீலத்தில் சிவப்புக் குறுணை

"இந்தக் காலத்துல எவனுக்குப் பொறுப்பு கீது? செத்தவன் கண்ணைச் சோதிச்சுப் பாக்காமயே எனக்கு வெச்சுட்டானுங்க!"

அம்பத்தூர் கண் ஆஸ்பத்திரியில் கன்னியப்பன் கத்தினார். பத்து வருஷத்துக்கு முன், இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்து அவருக்குப் பொருத்திய கருவிழிப் படலமும் மங்கிவிட, போன வாரம்தான் அதை மாற்றியிருந்தார்கள்.

டாக்டர் சபீனா திரையில் இரண்டு நுண்ணோக்கிப் படங்களைக் காட்டினார். இரண்டிலும் சாயமேற்றிய நீலத் திசுவுக்குள் சிவப்புக் குறுணை சிதறிக் கிடந்தது.

"இது அப்ப எடுத்த உங்க சொந்தப் படலம், ஐயா. அது இப்ப எடுத்த, அந்த இறந்தவரோடது."

கன்னியப்பன் கூட வந்த மகளிடம் திரும்பினார். "பாத்தியா அனுசுயா! அவனுக்கும் இதே சீக்கு இருந்துகீது."

"இல்லைங்க. அவரோட இன்னொரு கண்ணை அன்னைக்கே வேறொருத்தருக்கு வெச்சோம். அது இன்னிக்கும் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க உடம்புதான் அவர் படலத்துல குறுணையை வளர்த்திருக்கு. இது பரம்பரை நோய். உங்க பொண்ணு கண்ணையும் பார்த்துடலாம்."

"அவளுக்கு இன்னா? நீ எழுந்திரும்மா."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அனுசுயா கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நைனா, ரெண்டு மாசமா மணல் போட்ட மாதிரி அறுக்குது."

"ரோட்டுத் தூசும்மா" என்ற கன்னியப்பன், செத்தவனைத் திட்டியபடியே நடந்தார்.