இரண்டு மணி அடக்கம்

"தொப்பியைக் கழட்டுங்க மெண்டல் ஐயா. சர்ச்சுல ஆம்பளைங்க தலையை மூட மாட்டாங்க" என்று காதைக் கடித்தார் டாக்டர் விகோ.

"அறுபது வருஷப் பழக்கம் டாக்டர். எங்க ஜெபக்கூடத்துல தலையை மூடித்தான் நிக்கணும். சாமி முன்னாடி நின்னா கை தானா தொப்பியைத் தேடுது."

"கையைக் கோட்டுப் பைக்குள்ள வைங்க. வெளியே ஜெர்மன் சிப்பாய் நிக்கிறான்."

1943, கோபன்ஹேகன். யூதர்களை நாஜிகள் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த வாரம். டாக்டரின் ஆஸ்பத்திரிக்குள் இருந்த சின்ன சர்ச்சில் இரண்டு மணிக்கு ஓர் அடக்கம். சவப்பெட்டிக்குள் செங்கல். சுற்றிலும் கறுப்பு உடையில் யூதர்கள். வாசலைத் தாண்டி டாக்சியில் ஏறிவிட்டால் கடற்கரை, மீன்படகு, அக்கரையில் ஸ்வீடன். மாட்டினால் அத்தனை பேர் உயிரும் போகும்.

ஏற்பாடெல்லாம் பிரமாதம்தான். ஆனால் செங்கல்லுக்காக யாருக்கு அழுகை வரும்? மெண்டல் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

வாசலில் சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "செத்தது யாரு? ஒருத்தர் கண்ணுலயும் தண்ணியைக் காணோமே?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பருத்த அம்மாள், "முப்பது வருஷம் என்னோட மல்லுக்கு நின்னியே, இனிமே நான் யாரோடடி சண்டை போடுவேன்" என்று ஓவென அழ ஆரம்பித்தாள். மூக்கு சிவக்க, சிப்பாயின் சட்டையையே பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் மிரண்டுபோய் ஹெல்மெட்டைக் கழற்றி வழிவிட்டான்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவளைப் பேசவிடாமல் முதல் டாக்சிக்குள் தள்ளினார் டாக்டர்.

கரையில் படகோட்டி ஆக்ஸல் தலைகளை எண்ணினான். "பதினொரு பேர்னுதானே சொன்னீங்க? பன்னெண்டு இருக்கே."

"இருக்கட்டும்ப்பா. இந்தம்மா அழுதிருக்காட்டி ஒருத்தர்கூட வந்திருக்க முடியாது." டாக்டர் நெகிழ்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன நடிப்பும்மா. ஸ்வீடன் போய் நல்லா இருங்க."

அவள் படகைப் பார்த்தாள். அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நடிப்பா? இவங்க யாரையும் நான் பார்க்கலை டாக்டர், அது போதுமா? என் நாத்தனாருக்கு மூணு மணிக்கு அதே சர்ச்சுல அடக்கம், முதல்ல என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்க. லேட்டாப் போனா பெட்டியைத் திறந்துக்கிட்டு வந்து திட்டுவா."