சீட்டின் உயரம்

பழைய கார் விற்பவர்கள் எல்லாரும் எனக்கு எஞ்சினைத் திறந்து காட்டினார்கள். நான் டேப்பை எடுத்து, தரையிலிருந்து முன்சீட் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். பக்கவாதம் வந்த பிறகு, யாராவது தூக்கி உட்காரவைக்கும் வண்டியில் அப்பா ஏறுவதில்லை. வெளியே வருவதையே விட்டுவிட்டார்.

மாதவராஜ் சார் விற்க வைத்திருந்த சின்ன எஸ்யுவியில் உயரம் சரியாக இருந்தது. முன்கதவை ஒட்டிய வண்டிச் சட்டத்தில் ஒரு குளியலறைக் கைப்பிடி முடுக்கப்பட்டிருந்தது.

“எம் பொண்டாட்டி முட்டி வலிக்குப் போட்டது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவ ஓடிப்போய் பஸ் ஏறுறா. பாக்க அசிங்கமா இருக்கும்மா, கழட்டித் தந்துடறேன்.” ஸ்க்ரூடிரைவருடன் வந்தார்.

“கழட்டாதீங்க சார்!”

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

வண்டியை வாங்கி வந்த அன்று, வீட்டு வாசலில் அப்பா என் கையைத் தட்டிவிட்டார். நல்ல கையால் கைப்பிடியைப் பற்றி, மெல்ல இடுப்பைச் சீட்டில் வைத்தார். கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். கதவையும் அவரே சாத்தினார். முகம் தெரியாத அந்தக் கைப்பிடிக்கார அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

“எங்கேம்மா போறோம்?”

அவர் ஏறுவது வரைக்கும்தான் நான் யோசித்திருந்தேன்.

“தெரியலப்பா.”

“சரி, நேரா போ. சொல்றேன்.”