பதினெட்டு டிகிரி

கரண்ட் இல்லாமலே வீட்டைக் குளிரவைக்கும் பலகையைத் துணியால் மூடி மேசைமேல் வைத்திருந்தாள் ஜெசிந்தா. எதிரே நான்கு முதலீட்டாளர்கள். திறக்க முடியாத ஜன்னல்கள் கொண்ட கண்ணாடி அறையில் ஏசி பதினெட்டில் ஓடியது. ஒருவர் சால்வை போர்த்தியிருந்தார்.

"உலகமே கொதிக்குதுன்னு சொல்றீங்க, சரி. தகரக் கூரைக்குக் கீழ இருக்கறவன் இதை வாங்குவானா? மார்க்கெட் எங்கம்மா இருக்கு?" என்றார் அவர்.

எந்த அறைக்குப் போனாலும் இதே கேள்விதான். குளிரில் உட்கார்ந்துகொண்டு வெயிலுக்கு ஆதாரம் கேட்பார்கள். ஜெசிந்தா ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தாள். பிறகு ரிமோட்டைத் தண்ணீர் ஜக்குக்குள் போட்டாள். அதன் திரையில் பதினெட்டு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"மார்க்கெட்டைக் காட்டறேன் சார். உக்காருங்க."

கண்ணாடி முழுக்க உச்சி வெயில். முதலில் சால்வை இறங்கியது. அடுத்து டைகள் தளர்ந்தன. சட்டைகள் முதுகோடு ஒட்டின. கடைசியில் சால்வைக்காரரின் கை மெல்லப் பலகையை மூடிய துணியை நோக்கி நீண்டது.

ஜெசிந்தா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கேள்வியை இன்னொரு வாட்டி கேளுங்க சார்."