தையல் மெசின் புத்தகத்தில் கடல்

"தையல் மெசினுக்கும் கடலுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

சுதாகரன் சேர் போட்ட சத்தத்துக்கு நாவற்குடா றோட்டால போன ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்த்திருப்பார். சேர்தான் எங்கட பகுதிக்குப் பொறுப்பு. தங்கமான மனிசன். கோவம் வந்தா மட்டும் காது கேக்காது.

கேள்வி இர்ஷானாவுக்கு. காத்தான்குடிப் பிள்ளை, புதுசா வேலைக்கு வந்தவ. அவவை நிரந்தரமாக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதா எண்டு அந்தக் கிழமைதான் முடிவு. முடிவெடுக்கிறதும் சேர்தான்.

எங்கட வேலை என்னெண்டு சொல்லவேணும். சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் அது. சனத்துக்குத் தோணி இஞ்சின், தண்ணிப் பம்பு, தையல் மெசின் எல்லாம் குடுத்துக்கொண்டிருந்தாங்க. ஒவ்வொண்டையும் எப்படிப் பாவிக்கிற எண்டு நாங்க புத்தகம் செய்யிறம். ஈரக் கையால தொடாதீங்க, சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க எண்ட மாதிரிப் பந்திகள் மூணு புத்தகத்துக்கும் ஒண்டுதான். அதை மூணு தரம் எழுதிச் சாகாம, கம்பியூட்டரில எக்ஸ்எம்எல் எண்ட முறையில ஒரு பொதுக் கோப்புக்குள்ள ஒருக்கா எழுதி வைப்பம். மூணு புத்தகமும் அங்கயிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு இடத்தில திருத்தினா மூணும் திருந்தும். ஒரு இடத்தில பிழைச்சா மூணும் நாறும்.

அதால சேர் ஒரு சட்டம் வைச்சிருந்தார். "எல்லாருக்கும் வேண்டியது மட்டுந்தான் பொதுக் கோப்புக்குள்ள போகவேணும்." இதை ஒருக்காச் சொல்லாட்டி அவருக்குக் காலைத் தேத்தண்ணி இறங்காது.

தோணி இஞ்சின் புத்தகத்துக்குக் கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை எழுதச் சொல்லி இர்ஷானாக்கிட்டக் குடுத்தது. அவ எழுதி, பொதுக் கோப்புக்குள்ள வைச்சிட்டா. இப்ப அச்சகத்திலயிருந்து தையல் மெசின் புத்தகத்திட மாதிரிப் பிரதி வந்து சேரிட கையில கிடக்கு.

சேர் உரத்து வாசிச்சார். "'கடல் உள்வாங்கினால் இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடுங்கள். இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம்.' ஊசியில நூல் கோக்கிற பக்கத்துக்கு அடுத்த பக்கம்! தைக்கிறவ வலை வீசவா போறா?"

எங்களோட வேலை செய்யிற யசோதினி குபீரெண்டு சிரிச்சா. எனக்கும் அடக்கேலாமப் போச்சு.

"பம்புப் புத்தகத்திலயும் கிடக்கு. களுதாவளையில வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறவர் இதை வாசிச்சா எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? எதை எங்க வைக்கிற எண்டு தெரியாதவங்களை வைச்சுக்கொண்டு நான் என்ன வேலை செய்யிற?"

சொல்லிக்கொண்டே அச்சகத்துக்குப் போன் எடுத்தார். "ஹலோ, அந்தத் தையல் மெசின் புத்தகம்... ஒரு நிமிசம் நில்லுங்க."

நிக்கச் சொன்னதுக்குக் காரணம், இர்ஷானா எழும்பி நிண்டதுதான்.

"பிழைச்சு வைக்கல்ல, சேர். பொதுக் கோப்பு எண்டு தெரிஞ்சுதான் வைச்சன்."

"என்ன?"

"சுனாமி அண்டைக்கு எங்கட உம்மா கடலுக்குப் போகல்ல. வீட்டுக்குள்ள தைச்சுக்கொண்டிருந்தவ. சத்தத்தைக் கேட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினவ, பாதி வழியில என்ர கையை விட்டுட்டுத் திரும்பினா. மெசினைத் தூக்கிட்டு வாறனாம்."

யசோதினிட சிரிப்பு நிண்டு போச்சு.

"அந்த மெசினாலதான் எங்களுக்குச் சோறு, சேர். அது போனா மறுகா எப்படிச் சீவிக்கிற எண்டு நினைச்சிட்டா. எதிர்ல ஓடி வந்த ஆரோ ஒரு மனிசன் உம்மாட கையைப் பிடிச்சு இழுத்து, 'மெசின் வாங்கலாம், ஓடு புள்ள!' எண்டு கத்தினார். ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. அவர் கத்தினபடியாத்தான் எனக்கு உம்மா இருக்கா."

சேர் கண்ணாடியைக் கழட்டினார். அதை மேசையில வைச்சார்.

"உம்மா இப்ப தைக்கிறாவா?"

"ஓம் சேர். புது மெசின் வாங்கிட்டா. பெருநாள் வருது, ஊர்ச் சட்டையெல்லாம் எங்கட வீட்டிலதான் குவிஞ்சு கிடக்கு. வேலை முடியல்ல எண்டு எனக்கு ஏச்சு."

போனுக்குள்ள அச்சகக்காரர் "ஹலோ, ஹலோ" எண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ஓம், இருக்கன்," எண்டார் சேர். "அந்தப் புத்தகத்தை அப்படியே அடியுங்க. ஒண்டும் எடுக்க வேணாம்."

போனை வைச்சிட்டு இர்ஷானாவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமையிலயிருந்து பொதுக் கோப்புக்கு நீங்கதான் பொறுப்பு. ஆனா ஒண்டு புள்ள, வைக்க முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"என்னத்தைக் கேக்கிற, சேர்? எல்லாருக்கும் வேண்டியது மட்டுந்தான் அதுக்குள்ள போகவேணும் எண்டு நீங்கதானே ஒவ்வொரு நாளும் சொல்ற."