தகரப்பெட்டிக்குள் முடிவு

கடைசி ரீல் இருந்த தகரப்பெட்டியின் மேல் தியேட்டர் முதலாளி கருத்தப்பாண்டி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திரிங்க. அதுலதான் என் படமே இருக்கு,” என்றான் இயக்குநர் வேதாசலம்.

“அதுல உன் ஹீரோ சாகுறான் தம்பி. நேத்து போட்டேன், சீட்டையெல்லாம் கிழிச்சுப்புட்டானுங்க. நீயா வந்து தைப்ப?”

“கடைசியில அவன் என்ன ஆனான்னு தெரியாம என்னத்தய்யா பாப்பாங்க?”

“பாத்த வரைக்கும் போதும்.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த படம் கடைசி ரீல் இல்லாமலே முடிந்து, அரங்கின் கதவு திறந்தது. “பாதியில நிக்குது, இதெல்லாம் ஒரு படமா? எடுத்தவனைக் கட்டிவச்சு உதைக்கணும்,” என்று ஒருவர் கத்திக்கொண்டே வந்தார்.

“எடுத்தவரு இந்தா நிக்கிறாருண்ணே!” என்றார் கருத்தப்பாண்டி.

கூட்டம் சூழ்ந்தது. வேதாசலம் நகரவில்லை. “உள்ள போய் உக்காருங்க. முடிவு இந்தப் பெட்டியில இருக்கு,” என்றான்.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். கருத்தப்பாண்டி காலை இறக்கி, இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.