அப்பா வந்த ஆட்டங்கள்

அவர் பார்வையாளர் வரிசைப் படியேறி உட்கார்ந்த அடுத்த நிமிடமே பயிற்சியாளர் கைகளைச் சுழற்றி, ஆள் மாற்ற வேண்டும் என்று நடுவருக்குச் சைகை காட்டினார்.

வாலிபால் போட்டியின் இரண்டாவது செட். மகள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் இடத்துக்குக் குட்டையான ஒரு பெண் ஓடினாள்.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாகச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். தூங்குவதுபோல் நடிக்கிறவர்களை மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

அவரிடமா இந்த வேலை?

ஒரு தடவை என்றால் தற்செயல். இது நான்காவது. அவர் வருகிற நாளெல்லாம் மகள் பெஞ்சில்தான்.

அவருக்கு டூட்டி இருக்கும் நாட்களில் மனைவி போவாள். வந்து, முழு ஆட்டமும் ஆடினாள் என்பாள். தன் மனம் நோகக் கூடாதென்று புளுகுகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

அதனால்தான் இன்று யாரிடமும் சொல்லாமல் யூனிஃபார்மோடு வந்தார். முதலில் கதவோரம் மறைந்து நின்றார். வலைக்கு மேலே எழும்பி மகள் பந்தை அறைந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார். எதிரணியில் ஒருத்தியும் அசையவில்லை.

பிறகு வெளிச்சத்துக்கு வந்தார். மகள் அவரைப் பார்த்தாள். பயிற்சியாளரும் பார்த்தார். கை சுழன்றது.

விஷயம் விளங்கிவிட்டது. குட்டைப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு வேண்டியவர். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கைதட்டவும் தெரிந்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பரிசோதகர் நேராகப் பந்துகள் வைக்கும் அறைக்குப் போனார். பயிற்சியாளர் தனியாக உட்கார்ந்து பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது மேடம் இது? என் பொண்ணு என்ன பாவம் பண்ணா?"

பயிற்சியாளர் பந்தைக் கீழே வைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் இப்படித்தான் வாயடைத்துப் போவார்கள்; அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

தலைமையாசிரியருக்குப் புகார் எழுதப்போவதாகச் சொன்னார். வேலையே போய்விடும் என்றார்.

"எழுதுங்க சார். ஆனா காரணத்தை நான் சொல்ல முடியாது."

அவர் பேனாவை எடுத்தே விட்டார்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியவில்லை.

"மிஸ் மேல எழுதாதீங்கப்பா. நீங்க வந்தா என்னை வெளியே எடுத்துடுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தவரைப் பயிற்சியாளர் கையமர்த்தினார். ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டு, மகளின் பையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள்.

போன வருடம் வரை இந்த வழி நெடுக அவர் பேச்சுதான். விட்ட பந்து, வலையில் முட்டிய சர்வ், காலை எங்கே வைத்தாள், எங்கே வைத்திருக்க வேண்டும். வீட்டு வாசல் வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வருவார். அவள் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். அலுப்பு என்று நினைத்துக்கொள்வார்.

பெஞ்சிலேயே இருந்தவளிடம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்று கதவோரம் நின்று பார்த்ததில், பந்தை அறைந்தபோது அவள் முழங்கை மடங்கியிருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அவள் தோள்களைப் பார்த்தார். அவை காதுவரை ஏறியிருந்தன.

விழுங்கிக்கொண்டார்.

"நல்லா ஆடினம்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வரப்போகும் "ஆனா"வுக்காகத் தெரு முடியும் வரை காத்திருந்தாள்.