ஞாயிற்றுக்கிழமை டிரைவர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேனேஜரான ஜெஸ்டனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதுவும் அப்பாவுக்குக் கார் ஓட்டுவதிலேயே போய்விடுகிறது.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஏசுராஜ் மாருதியைத் தொடுவதே இல்லை. "வயசாச்சுடா. கண்ணு தெரியாம எவனையாவது இடிச்சிட்டா பேஜாராய்டும்" என்று சாவியைத் தானாகவே மகனிடம் கொடுத்துவிட்டார். ஆனால் வாரம் தவறாமல் வேலூர் சர்ச்சுக்குப் போயாக வேண்டும்.

"ஒரு டிரைவர் வெச்சுக்கலாமேப்பா. வந்தவங்களை எல்லாம் வேணாம்னுட்டீங்க."

"ஒருத்தன் ஸ்பீடு ஜாஸ்தி. இன்னொருத்தன் வாயே தொறக்க மாட்டேங்கறான்."

ஏசுராஜ் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். மற்ற நாட்களில் ஜெஸ்டன் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்கியிருப்பார்.

அன்று ஆராதனை முடிந்ததும் ஏசுராஜ் முன்னால் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். சர்ச் வாசலில் கண் டாக்டர் கேத்தரின் எதிர்ப்பட்டார்.

"அப்பாவுக்குப் பார்வை எப்ப சரியாகும் டாக்டர்? வண்டி ஓட்டவே பயப்படறாரு."

"சரியாகி ஒரு வருஷமாச்சே. தாராளமா ஓட்டலாம்னு அப்பவே சொல்லிட்டேன். 'ஓட்டினா தனியாத்தானே டாக்டர் போகணும்'னு சிரிச்சாரு."

ஜெஸ்டன் காருக்கு வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" ஏசுராஜின் குரல் இறங்கியிருந்தது.

"இனிமே நீங்க ஓட்டவே கூடாதாம்பா. எங்க போனாலும் நான்தான் கூட்டிட்டுப் போகணுமாம்."